விட்டுவிட்டேன் ஐயா, ஆனாலும் மனம் ஆறவில்லை

கேள்வி:

"ஐயா, எனக்கு 36 வயது. எழுவான்கரைப் பக்கம் ஒரு ஊர், பெயரைப் போட வேண்டாம். கட்டாரில் வேலை செய்த காலத்தில் போனில் கிரிக்கெட்டுக்குக் காசு கட்டிப் பழகினேன். ஊருக்கு வந்தும் விடவில்லை. கடைசியில் மனைவியின் தாலிக்கொடியையும் இரண்டு காப்பையும், லீசிங் கட்ட வேண்டும் என்று பொய் சொல்லி வாங்கி வங்கியில் அடகு வைத்து, அந்தக் காசையும் தோற்றேன். அவளுடைய தங்கச்சியின் கலியாணத்துக்கு நகையைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அன்றோடு விட்டேன். பதினொரு மாதமாகத் தொடவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். புதனும் வெள்ளியும் உபவாசம், சனிக்கிழமை முழு இரவு ஜெபம், மற்ற நாட்களில் விடிய மூன்று மணிக்கு எழும்பி முழங்காலில் நிற்கிறேன். ஆனாலும் சமாதானம் இல்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாதவனாய்ப் புசித்துவிடுவேனோ என்ற பயத்தில், திருவிருந்து நேரம் வெளியே வந்து ஆட்டோவில் இருந்துவிடுவேன். மனைவி மன்னித்துவிட்டேன் என்கிறாள். ஆனால் ஆலயத்தில் கழுத்தைச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டு இருக்கிறாள், அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கர்த்தர் என்னைத் தள்ளிவிட்டாரா? நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?"

பதில்:

தம்பி,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நித்திரை இல்லாத ஆளுக்கு நீண்ட கடிதத்தைக் கடைசிவரை வாசிக்கப் பொறுமை இருக்காது. கர்த்தர் உங்களைத் தள்ளவில்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே, அவருக்கு நீங்கள் கூடுதலாகச் செய்ய ஒன்றும் இல்லை, செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்த வேண்டும். உங்கள் மனைவிக்குச் செய்ய வேண்டியதுதான் நிறைய இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்று எனக்குப் படுகிறது. இது உங்களுக்கு நோகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் போதக ஊழியத்தில் இருந்துவிட்டுப் பிறகு உளவளத்துணையும் படித்து, மட்டக்களப்பில் அந்த வேலையைச் செய்கிறவன். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பதினொரு மாதம். அதை ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். குடிக்கிறவனுடைய போத்தலை வீட்டிலிருந்து எடுத்து எறியலாம், சாராயக் கடை இருக்கிற வீதியால் போகாமல் சுற்றிப் போகலாம். உங்கள் சூதாட்டக் கடையோ உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கிறது. ஹயர் எடுக்கவும் அந்தப் போன்தான், வேத வசனம் பார்க்கவும் அந்தப் போன்தான். அவ்வளவு கிட்ட வைத்துக்கொண்டு பதினொரு மாதம் நின்றிருக்கிறீர்கள். அது கிருபை. அதற்காக ஒரு தடவையாவது உட்கார்ந்து நன்றி சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு அடையாளமும் இல்லை. கிடைத்த விடுதலையைக் கூட ஒரு விடுதலையாகப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கவில்லை, அவ்வளவு வேகமாக அடுத்த தண்டனைக்குள் இறங்கிவிட்டீர்கள்.

போராட்டம் நடக்கிற நாட்களில் மனுஷனுக்குத் தன் களைப்பு விளங்காது. விழுந்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே உடம்பு ஓடும். அது கொஞ்சம் அடங்கின பிறகுதான் கை கால் எல்லாம் சோர்ந்து, மனசு வெறிச்சோடி, அழுகை கூட வராமல் நிற்கும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள், விட்டுவிட்டேன், ஆனால் ஒன்றிலும் ருசி இல்லை என்பார்கள். இதில் ஒரு பங்கு மூளையுடையது. காசு வருமா வராதா என்று தெரியாமல் காத்திருக்கிற அந்தச் சில நிமிஷத்தில் மூளையில் டோபமின் என்ற இரசாயனம் வழமையைவிடக் கூடச் சுரக்கிறது. வென்றால் மட்டும் என்றில்லை, மயிரிழையில் தோற்றாலும் அந்தக் கிளர்ச்சி எழும்பும், அதனால்தான் தோற்கத் தோற்கக் கட்டுகிறார்கள். வருஷக்கணக்காக அதற்குப் பழகின மூளைக்கு, அது நின்ற பிறகு சாப்பாடு, பாட்டு, வீட்டுச் சிரிப்பு, வேத வாசிப்பு எல்லாமே கொஞ்சக் காலம் சப்பென்றுதான் இருக்கும். ருசி மெல்ல மெல்லத் திரும்பி வரும். அதட்டி வரவைக்க ஏலாது. ஆகவே வேதத்தில் எழுத்து மட்டும் தெரிகிறது என்பதை வைத்துக்கொண்டு ஆவியானவர் விட்டுப் போய்விட்டார் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது நித்திரை. உங்கள் கிழமையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு நாள் சாப்பாடு இல்லை, ஒரு இரவு முழுக்க நித்திரை இல்லை, மற்ற நாட்களில் விடிய மூன்று மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற ஆட்டோ என்றால் காலை ஆறரைக்கெல்லாம் வீதியில் நிற்க வேண்டும், பின்னேரம் ஹயர், இரவு கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள். சனிக்கிழமை விடிய விடிய விழித்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் போகிறீர்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, நித்திரை குறைந்த மூளைக்கு ஆசையை அடக்குகிற பலமும் குறைகிறது. பாவத்தை வெல்ல வேண்டும் என்று நீங்கள் முழிக்கிற முழிப்பே உங்களைப் பாவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எலியாவை எடுத்துப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி, வானத்திலிருந்து அக்கினி இறங்கினது, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் சாகவேண்டும் என்கிறார். தோற்றவன் சொன்ன வார்த்தையில்லை இது, வென்றவன் சொன்னது. தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே போனது என்று கேட்கவில்லை. தூதன் தட்டி எழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார், அதற்கும் ஒருவரும் திட்டவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றுதான் தூதன் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது இந்த நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பிறகுதான். வரிசை முக்கியம் தம்பி. எலியாவுக்கே தேவன் முதலில் கொடுத்தது படுக்கையும் அடையும் என்றால், மூன்று மணிக்கு எழும்பாவிட்டால் அவர் உங்களிடம் கோபிப்பார் என்று யார் சொன்னது?

உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை. லெந்து காலத்தில் நானும் இருக்கிறவன்தான். எதற்காக இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், உபவாசம், முழு இரவு, மூன்று மணி என்று வரிசையாக வருகிறது, ஒரு இடத்திலாவது தேவனோடு இருக்க ஆசையாக இருந்தது என்று ஒரு சொல் இல்லை. கட்டுகிறீர்கள். தவணை கட்டுகிற மாதிரி. அடகு வைத்த நகையை ஒருவர் வந்து முழுக் காசும் கட்டி மீட்டு, சீட்டையும் கிழித்துக் கையில் தந்த பிறகும், மாதா மாதம் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று வட்டி கட்டக் கேட்கிற மனுஷனை நினைத்துப் பாருங்கள். கவுண்டரில் இருக்கிறவர் உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை, போங்கள் என்கிறார். இவர் போக மாட்டேன் என்கிறார். உங்களுக்கு அடகைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. எபிரெயர் 4ல் தேவனுடைய இளைப்பாறுதலில் பிரவேசித்தவன், தேவன் தம்முடைய கிரியைகளை முடித்து ஓய்ந்ததுபோல, தானும் தன் கிரியைகளை முடித்து ஓய்ந்திருப்பான் என்று எழுதியிருக்கிறது. முடித்தது கிறிஸ்து. நீங்கள் அதை நம்பி உங்கள் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் உழைத்துப் பழகின நம் சனத்துக்கு அதைப்போல் கஷ்டமான வேலை வேறு இல்லை.

ஆதியாகமத்திலும் இது இருக்கிறது, நாம் கவனிக்கிறதில்லை. மனுஷனைத் தேவன் ஆறாம் நாளில் உண்டாக்கினார், ஏழாம் நாள் ஓய்வு. அப்படியென்றால் ஆதாமுக்குக் கிடைத்த முதலாவது முழு நாள் ஓய்வு நாள். அவன் அதற்கு முன் ஒரு வரப்பும் கட்டவில்லை, ஒரு செடிக்கும் தண்ணீர் விடவில்லை. வேலை செய்து களைத்ததற்குக் கூலியாக வந்த ஓய்வு அது இல்லை, ஓய்வுதான் முதலில், வேலை அதற்குப் பிறகு. எகிப்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மூன்று நாள் விடுங்கள், கர்த்தருக்குப் பலியிட்டு வருகிறோம் என்று மோசே கேட்டபோது, பார்வோன் சொன்ன பதில், நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், செங்கல் கணக்குக் குறையக் கூடாது என்பது. விடிய மூன்று மணிக்குக் கண் திறக்க முடியாமல் கிடக்கிறபோது சோம்பேறி, எழும்பு, இன்னும் போதாது என்று உங்கள் தலைக்குள் கேட்கிற குரல் யாருடையது என்று நீங்களே யோசியுங்கள்.

உங்களைப் போலவே புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோன் வெஸ்லி, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கினவர். ஒக்ஸ்போர்டில் படிப்பித்த காலத்தில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த இரண்டு நாளும் உபவாசம் இருந்து, சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்து, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணக்கு எழுதி வாழ்ந்தார்கள். 1735ல் ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது இவர் சாவுக்குப் பயந்து நடுங்க, அதே கப்பலில் வந்த மொராவிய சபை விசுவாசிகள் பெண் பிள்ளைகளோடு அமைதியாகச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். அது அவரை விடவே இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உடைந்துபோய் இங்கிலாந்துக்குத் திரும்பினார், மற்றவர்களை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1738 மே 24ஆம் திகதி பின்னேரம், போக மனமே இல்லாமல், இலண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே ஒருவர் ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கிறபோது தன் உள்ளம் இனம் தெரியாமல் அனல்கொண்டது என்றும், கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன், என் பாவத்தையே அவர் எடுத்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது என்றும் எழுதினார். அந்த நேரம் அவர் ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதே இரவு வீட்டுக்கு வந்த பிறகு சோதனைகள் திரும்பத் திரும்ப வந்து மோதினதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார், அதைப் பிறகு சொல்கிறேன். அந்த அனலில் இருந்து கிளம்பின மெதடிஸ்த மிஷனரிகள்தான் 1814ல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்ற ஒருவன் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஒரு வருஷம் முடியுமுன்னே 1815ல் இங்கேயே இறந்துபோனான். அவன் தொடங்கி முடிக்காமல் விட்டதில் இருந்து வந்ததுதான் இன்றைக்கும் நடக்கிற மெதடிஸ்த மத்திய கல்லூரி. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று அவன் சொல்லியிருந்தால் அவனுக்கு ஓய்வே கிடைத்திருக்காது.

சரி, திருவிருந்து. 1 கொரிந்தியர் 11ல் அபாத்திரமாய் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறீர்கள். அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே இருந்து வாசியுங்கள். பவுல் யாரைக் கண்டிக்கிறார்? வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்ற அந்தச் சபையைக் கண்டிக்கிறார். செய்த பாவத்தை நினைத்து உடைந்துபோய், மேசையைப் பார்க்கவே கண் கூசி நிற்கிறவனை அவர் துரத்தவில்லை. அடுத்ததாக 28ஆம் வசனம், எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்று முடிகிறது. சோதித்தறிந்து விலகிப் போகக்கடவன் என்று இல்லை. நீங்கள் பதினொரு மாதமாகச் சோதித்தறிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், இனிப் புசிக்கிற பாதியையும் செய்யுங்கள். உங்கள் போதகரிடம் முன்கூட்டியே போய், இப்படி இருந்தேன், இவ்வளவு காலம் வரவில்லை, வருகிற ஞாயிறு வரப்போகிறேன் என்று சொல்லுங்கள். அவர் உங்களோடு ஜெபிப்பார். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லி யாக்கோபு எழுதினது இதற்குத்தான், ஒரு மனுஷ வாயால் மன்னிப்பைக் காதால் கேட்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

இனி மனைவி. தயவுசெய்து இதை அவசரப்பட்டு வாசிக்காதீர்கள்.

புதனும் வெள்ளியும் நீங்கள் சாப்பிடுவதில்லை, அப்படியென்றால் அந்த நாட்களில் அவள் புட்டை அவித்து வைத்துத் தனியே இருந்து சாப்பிடுகிறாள், அல்லது அவளும் சாப்பிடாமல் படுக்கிறாள். சனி இரவு நீங்கள் வீட்டில் இல்லை. மூன்று மணிக்கு எழும்ப வேண்டும் என்பதால் மற்ற நாட்களில் நேரத்துக்கே படுத்திருப்பீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிற நேரம் எது? உங்களை அறியாமலே ஜெபத்தை ஒரு மறைவிடமாக்கிவிட்டீர்கள். தேவனுக்கு முன் அழுவது உங்களுக்கு லேசாக இருக்கிறது, அவளுக்கு முன் உட்கார்ந்து கணக்குச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. உங்களிடம் இரண்டு கடன் இருந்தது. ஒன்று தேவனிடம், அதை நீங்கள் கட்டவே ஏலாது, கட்டியாகிவிட்டது. மற்றது அவளிடம், அது ரூபாயிலும் பவுணிலும் இருக்கிறது, அதை நீங்கள் மட்டும்தான் கட்டலாம். நீங்கள் கட்டி முடிந்த கடனுக்குத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டு, கட்டாத கடனைப் பார்க்காமல் இருக்கிறீர்கள். உங்களுக்கு இளைப்பாறுதல் வராததற்கு நான் நினைக்கிற பெரிய காரணம் இதுதான். ஏசாயா 58ல் தமக்கு உகந்த உபவாசம் எது என்று கர்த்தர் சொல்லிக்கொண்டு போகிறபோது, உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும் என்று ஒரு வரி வருகிறது. இருவரும் ஒரே மாம்சம் என்று சொல்லித்தானே அவளைக் கட்டினீர்கள்.

சகேயு செய்ததைப் பாருங்கள். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன், ஊர்க் காசைத் தின்றவன், காட்டத்தி மரத்தில் ஏறியிருக்கிறான். இயேசு நிமிர்ந்து பார்த்து, எடுத்த காசை முதலில் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். அவன் சந்தோஷத்தோடு அழைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் எழும்பி நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். யாருக்கு? இயேசுவுக்கு இல்லை, யாரிடம் எடுத்தானோ அவர்களுக்கு. முதலில் அவர் வந்து தங்கினார், அந்தத் தைரியத்தில் கணக்கைத் திறந்தான். நீங்களும் அந்த வரிசையில் போங்கள். பயத்தோடு கணக்கைத் திறக்கிறவன் பாதியை மறைப்பான்.

அதனால் கேட்கிறேன், மறைத்த கடன் இன்னும் ஒன்று இருக்கிறதா? தெரிந்த ஆளிடம் கைமாற்று, நுண்கடன், சீட்டுக் காசு, கட்டாரில் கூட இருந்தவரிடம் வாங்கினது? சூதாடினவர்களில் பெரும்பாலானவர்கள் பிடிபட்டதை மட்டும்தான் முதலில் ஒத்துக்கொள்வார்கள், ஒன்றைக் கடைசிவரை வைத்திருப்பார்கள், நித்திரையைக் கெடுப்பது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். இருந்தால் சொல்லுங்கள். ஒரு கொப்பியை எடுத்து எல்லாவற்றையும் எழுதி, அடகுச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து, சாப்பாடு முடிந்த பிறகு அவளிடம் காட்டுங்கள். திரும்பவும் மன்னிப்புக் கேட்காதீர்கள், அவள் ஒருதரம் தந்துவிட்டாள், ஒவ்வொரு கிழமையும் கேட்டால் உங்களை ஆற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். மாதம் இவ்வளவு என்று நான் போடப்போகிறேன், அன்றன்றைய ஹயர்க் காசை உன் கையில் தருகிறேன், பெற்றோலுக்கு நீ தா என்று சொல்லுங்கள், சொன்னதை அன்றைக்கே செய்யுங்கள். அவள் கோபித்தால் கேட்டுக்கொண்டிருங்கள். அழுதால் எழும்பி ஜெபிக்கப் போய்விடாதீர்கள், அங்கேயே இருங்கள். நம்பிக்கை திரும்ப வர மன்னிப்பைவிடக் கனகாலம் எடுக்கும், அதற்கு அவளை அவசரப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

சாறித் தலைப்பைப் பற்றி ஒன்று. நீங்கள் அதை உங்களைக் குற்றம் சாட்டுகிற விரலாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆலயத்தில் அவளுடைய அக்கா தங்கச்சி, மாமி, மச்சாள் எல்லாரும் இருப்பார்கள், வெறுங்கழுத்தைப் பார்த்து யாராவது கேட்டால் உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டி வரும் என்றுதான் மூடுகிறாள் என்று நினைக்கிறேன். அவள் உங்களை மறைத்துக்கொண்டு இருக்கிறாள் தம்பி. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், அவளிடமே கேளுங்கள். நகை மீளும்வரைக்கும் கவரிங்கில் ஒரு கொடி வேண்டுமா, அல்லது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொள்ள விருப்பமா, அல்லது ஒன்றும் வேண்டாமா என்று அவள் விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆசை திரும்ப வருமா? வரும். கிரிக்கெட் மெச் நடக்கிற இரவில், சம்பளக்காரன் ஒருவன் வென்ற கதையைச் சொல்கிறபோது, காசுக்கு நெருக்கடி வருகிறபோது, முக்கியமாக நகையை ஒரேயடியாக மீட்டுவிடலாமே என்ற எண்ணத்தோடு வரும். அந்தக் கடைசி எண்ணத்துக்குத்தான் நீங்கள் மிகவும் பயப்பட வேண்டும், அது நல்ல நோக்கத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். ஆசை வந்தது விழுந்ததாகாது. ஆல்டர்ஸ்கேட்டில் அனல்கொண்ட அதே இரவில் வெஸ்லிக்குச் சோதனை வந்ததென்றால் உங்களுக்கு வரக் கூடாதா? அந்த இழுப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கும். அதற்குள் போனை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பி நடவுங்கள், யாராவது ஒரு ஆளுடன் பேசுங்கள். வங்கிச் செயலியைப் போனில் இருந்து எடுத்துவிடுங்கள், பந்தயக் குறுஞ்செய்தி வருகிற சிம்மை மாற்றுங்கள். இவை விசுவாசக் குறைவு இல்லை. ஒருவேளை விழுந்துவிட்டாலும், நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகளில் இருக்கிறது, அன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள், பதினொரு மாதமும் அழிந்துபோனதென்று நினைத்து இன்னும் பத்தாயிரம் கட்டப் போகாதீர்கள்.

மூன்று மணி எழும்புதலை இன்றிலிருந்து விடுங்கள். முழு இரவு ஜெபத்துக்குக் கொஞ்சக் காலம் போக வேண்டாம், யாராவது உங்களைப் பின்மாற்றக்காரன், விசுவாசத்தில் இருந்து பின்வாங்கினவன் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஏழு மணித்தியாலம் படுங்கள். காலையில் எழும்பி மத்தேயு 11ன் கடைசி மூன்று வசனத்தை, வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே என்று தொடங்குவதை, ஒரு தடவை மெதுவாக வாசித்துவிட்டு, ஒன்றும் உணராவிட்டாலும் பரவாயில்லை என்று வேலைக்குப் போங்கள். புதன் வெள்ளி இரண்டு நாளும் மனைவியோடு இருந்து சாப்பிடுங்கள். இப்படி ஒரு மாதம் நித்திரையும் சாப்பாடும் ஒழுங்காக எடுத்தும் மனம் தெளியாவிட்டால், படுத்தும் நித்திரை வராவிட்டால், செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள். எந்த நேரமும் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துத் தமிழில் பேசலாம். எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்த அடையைப்போல, உங்களுக்கு அது ஒரு மாத்திரையாக வரலாம்.

கடைசியாக ஒரு அவசர வேலை. வங்கி அடகுக்குத் தவணை உண்டு, பெரும்பாலும் ஒரு வருஷம், அது கடந்தால் நகை ஏலத்துக்குப் போகும். நீங்கள் வைத்தது பதினொரு மாதத்துக்கு முந்தியே. இந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கே சீட்டை எடுத்துத் திகதியைப் பார்த்து, அடுத்த நாள் காலையில் வங்கிக்குப் போய், வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாமா, பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், தவணை தப்பியிருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.